கொடுக்கும் முறையும் கொடையே

நூல்களைத் தேடித் தொகுப்பது ஒரு தொண்டு. தொகுத்த நூலைக் கேட்டவர் கையில் பழுதின்றிச் சேர்ப்பது மற்றொரு தொண்டு. முன்னதைப் பற்றி நாம் மேடைதோறும் பேசுகிறோம். பின்னதைப் பற்றிப் பேசுவோர் அரியர். கறையான் வாய்ப்பட்ட ஏடுகளை மீட்டோரின் உழைப்பைப் போற்றும் நாம், மீட்கப்பட்டவை இன்று கணிப்பொறியின் வழியே மாணவரிடம் எவ்வாறு சென்று சேர்கின்றன என்று எண்ணிப் பார்த்ததுண்டா? 'அது பொறியாளர் வேலை. தமிழ்த் துறைக்கு அதில் என்ன இருக்கிறது?' என்று வினவுவோரும் நம்மிடையே உளர். தமிழ்த் துறைக்கு அதில் முதன்மையான பங்கு உண்டு என்பதே நம் கருத்து. அதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு மாணவியின் அனுபவம்

நாம் அறிந்த முதுகலை மாணவி ஒருவர், தம் ஆய்வேட்டிற்காக ஒரு நூலகத்தின் இணையத்தளத்திலிருந்து பன்னிரண்டு பழைய நூல்களைத் தம் கைப்பேசியில் இறக்கிக்கொண்டார். பன்னிரண்டும் வந்து சேர்ந்தன. ஆனால் அவற்றுள் ஒன்பதிற்கு 'டவுன்லோட்' என்பதே பெயர்; பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் மட்டும் மாறின. இரண்டு நூல்களுக்குத் தமிழ்ப் பெயர் இடும் முயற்சி நடந்திருந்தது. எனினும் தமிழெழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில், தலையில் கோடிட்ட ஐரோப்பிய எழுத்துகளும், வணிகப் பொருள்களின்மீது காணப்படும் வட்டத்துள் அமைந்த பதிவு முத்திரைகளும் வரிசையாக நின்றன. எஞ்சிய ஒன்று திறக்கவே இல்லை. கணிப்பொறி ஆசிரியர் ஒருவர் அதனைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே நூல் இல்லை. 'கோப்பு கிடைக்கவில்லை' என்னும் ஒற்றை வரியே நூல் என்னும் பெயரால் சேமிக்கப்பட்டிருந்தது.

அம்மாணவி ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, முகப்புப் பக்கத்தைப் படித்து, பெயர் மாற்றி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. இதனைச் சிறு தொல்லை என்று ஒதுக்கிவிடலாமா? பழைய ஏட்டுச் சுவடிகளுள் முதலும் இறுதியும் சிதைந்தவை எத்தனை! நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் அறியாமல் அறிஞர்கள் பட்ட துன்பம் எத்துணை! கறையானும் காலமும் செய்த அந்தக் கொடுமையை இன்று நாமே, புத்தம் புதிய கருவியைக் கொண்டு, அறியாமல் செய்துகொண்டிருக்கிறோம்.

உலாவியும் சர்வரும்

இப்பழுது எங்கே நேர்கிறது என்று அறிய வேண்டுமாயின், கேட்பதும் கொடுப்பதும் நிகழும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். 1989 இல் ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் அறிஞர் உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்மொழிந்தார். தொடக்கத்தில் சர்வர் என்பது ஒரு திறந்த அலமாரி போன்றது. உலாவி ஒரு கோப்பின் முகவரியைச் சொல்லும். சர்வர் அதனை எடுத்து அனுப்பும். 1993 இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இயங்கிய என்.சி.எஸ்.ஏ. மையத்தில் 'சி.ஜி.ஐ.' என்னும் முறை வகுக்கப்பட்டது. 1995 இல் ரஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் 'பி.எச்.பி.' என்னும் கருவியை உலகிற்கு வெளியிட்டார். இவற்றின் பயனாக, அலமாரிக்கும் கேட்பவருக்கும் இடையே ஒரு பணியாளர் அமர்த்தப்பட்டார். அவரே சர்வரில் இயங்கும் நிரல். கேட்பவர் யார், கேட்பது எது, கொடுக்கலாமா என்று ஆராய்ந்து கொடுப்பது அவர் பணி.

அந்நிரல் ஒரு கோப்பை அனுப்பும்போது, கோப்பிற்கு முன்னதாகச் சில தலைப்புக் குறிப்புகளை அனுப்புகிறது. அஞ்சலில் வரும் பொதியின்மீது ஒட்டப்பட்ட சீட்டைப் போன்றவை இவை. 'கன்டென்ட்-டைப்' என்னும் குறிப்பு, உள்ளே இருப்பது நூலா, படமா, ஒலியா என்று கூறும். 'கன்டென்ட்-லெங்த்' என்பது அதன் அளவைக் கூறும். 'கன்டென்ட்-டிஸ்பொசிஷன்' என்பது இரண்டு செய்திகளைக் கூறும்: இதனை உலாவியிலேயே விரித்துக் காட்டுவதா, சேமித்து வைப்பதா என்பது ஒன்று, சேமித்தால் என்ன பெயரால் சேமிப்பது என்பது மற்றொன்று. இச்சீட்டு சரியாக எழுதப்பட்டால் பொதி சரியாகச் சேரும். சீட்டே இல்லையெனில், உலாவி இணைய முகவரியின் கடைசிச் சொல்லை எடுத்து ஏதோ ஒரு பெயரை இட்டுக்கொள்ளும். மாணவியின் ஒன்பது நூல்களுக்கும் 'டவுன்லோட்' என்று பெயர் அமைந்த காரணம் இதுவே.

தமிழ்ப் பெயர் சிதைவது ஏன்?

கோப்பின் பெயரைக் கூறும் இக்குறிப்பு முதன்முதலில் வலைக்காக வகுக்கப்பட்டதன்று. மின்னஞ்சல் இணைப்புகளுக்காக 1995 இல் வகுக்கப்பட்டது. உலாவிகள் அதனை எடுத்து ஆளத் தொடங்கின. 1999 இல் வெளிவந்த எச்.டி.டி.பி. நெறிமுறை ஆவணம்கூட இதனைப் பின்னிணைப்பில் மட்டுமே சொல்லி, இது நெறிமுறையின் பகுதி அன்று என்று ஒதுக்கிவிட்டது. ஆங்கிலமல்லாத பெயர்களை அனுப்பும் முறை உலாவிக்கு உலாவி வேறுபட்டது. 2011 இல் வெளிவந்த 'ஆர்.எஃப்.சி. 6266' என்னும் ஆவணமே வலைக்கென இதற்கு ஒரு தெளிந்த விதியைத் தந்தது.

இவ்விதியின் சாரம் எளியது. பெயரை இரண்டு வடிவில் அனுப்புக. ஒன்று, பழைய கருவிகளுக்காக, ரோமன் எழுத்தில் அமைந்த எளிய பெயர். மற்றொன்று, 'யு.டி.எஃப்.-8' முறையில் குறியேற்றப்பட்ட தமிழ்ப் பெயர். இரண்டாவதற்கு அடையாளமாக 'ஃபைல்நேம்' என்னும் சொல்லை அடுத்து ஒரு நட்சத்திரக் குறி இடப்படும். அதனைப் புரிந்துகொள்ளும் உலாவி தமிழ்ப் பெயரை எடுத்துக்கொள்ளும். புரியாதது ரோமன் பெயரை எடுத்துக்கொள்ளும். இருவருக்கும் வழி உண்டு, எவருக்கும் இழப்பில்லை.

உமறுப் புலவரின் 'சீறாப்புராணம்' என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம. கண்ணுக்கு அது ஏழு எழுத்து. ஒருங்குறியில் உயிர்மெய்யின் குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது 13 குறியீடுகள் ஆகிறது. யு.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டிற்கும் 3 பைட்டு. ஆக 39 பைட்டு. தலைப்புக் குறிப்பில் ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு இலக்கங்களுமாக எழுதப்படும்; ஆக 117 குறிகள். ஏழெழுத்துப் பெயர் இத்துணை நீண்ட வழி நடந்துதான் மாணவரின் கைப்பேசியில் மீண்டும் ஏழெழுத்தாகி நிற்கிறது. வழியில் ஒருவர் இப்பைட்டுகளை ஐரோப்பிய எழுத்து முறையால் படித்துவிட்டாலோ, தலையில் கோடிட்ட எழுத்துகளும் பதிவு முத்திரைகளும் தோன்றுகின்றன. எழுத்து அழியவில்லை, தவறாகப் படிக்கப்படுகிறது. ஆதலின் இது தீராத நோய் அன்று. மருந்து கையில் உள்ள நோய்.

ஒருங்குறியின் முதற் பதிப்பு வெளிவந்த 1991 ஆம் ஆண்டிலேயே தமிழ் அதில் இடம்பெற்றுவிட்டது. யு.டி.எஃப்.-8 முறையைக் கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992 இல் வகுத்தனர். பெயரை அனுப்பும் விதி 2011 இல் தெளிவுற்றது. இன்றைய உலாவிகள் இவ்விதியை அறிந்துள்ளன. இந்நிலையில் இன்றும் ஒரு தமிழ் நூல் பெயரிழந்து மாணவரை அடையுமாயின், அதற்குக் கருவியைக் குறை கூறுவதில் நியாயமில்லை. கொடுப்பவர் சீட்டெழுதச் சோம்பினார் என்பதே உண்மை.

தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் நூல்களை எண்முறைப்படுத்துவோர்க்கும் இச்செய்தி உரியது. அப்பெயர்களை அரபு எழுத்திலேயே இட விரும்பினாலும் விதி இதுவே. தமிழுக்கு ஒரு வழி, அரபுக்கு ஒரு வழி என்று தேட வேண்டியதில்லை. ஒரே நெறியில் இரண்டும் செல்லும்.

வறியவர்க்கு வழிவிடுக

பெயர் மட்டுமே குறையென்று கூற வந்தோமல்லோம். அதனினும் நெருக்கமான ஒன்று உண்டு. பழைய நூல் ஒன்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்தால் 60 மெகாபைட்டு ஆவது எளிது. நகரத்தில் விரைந்த இணைப்புடையவர்க்கு அது ஒரு பொருட்டன்று. சிற்றூர் மாணவர் ஒருவர் 52 மெகாபைட்டு வந்தபின் இணைப்பறுந்து நிற்கிறார் என்று கொள்வோம். மீதமுள்ள 8 மெகாபைட்டை மட்டும் அவர் பெற வழியுண்டா, அல்லது முதலிலிருந்து 60 மெகாபைட்டையும் மீண்டும் இறக்க வேண்டுமா? அவரது அன்றைய தரவுப் பங்கீடு அதற்கு இடந்தருமா?

விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி 1997 இல் வெளிவந்த எச்.டி.டி.பி. 1.1 நெறிமுறையிலேயே அமைந்துள்ளது. உலாவி 'இத்தனையாவது பைட்டிலிருந்து தருக' என்று கேட்கும். சர்வர் '206' என்னும் எண்ணை முன்னிட்டு அப்பகுதியை மட்டும் தரும். சர்வர் தானே கோப்பை அனுப்பும்போது இவ்வசதி பெரும்பாலும் இயல்பாகக் கிடைக்கிறது. இடையில் நிரல் ஒன்று நின்று அனுப்பும்போதுதான் இது மறக்கப்படுகிறது. நிரல் எழுதியவர் விரைந்த இணைப்பின் முன் அமர்ந்து சோதித்திருப்பார். அறுந்த இணைப்பின் முன் அமர்ந்து சோதித்திருக்கமாட்டார். தனக்குத் துன்பமில்லாததைப் பிறர்க்கும் துன்பமில்லை என்று எண்ணுவது மனித இயல்பு. அவ்வியல்பை வெல்வதே கல்வியின் பயன்.

இன்னொன்றும் உண்டு. சில நிரல்கள் கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு பின்னரே அனுப்புகின்றன. தேர்வுக் காலத்தில் 50 மாணவர் ஒரே நேரத்தில் 60 மெகாபைட்டு நூலைக் கேட்டால் 3000 மெகாபைட்டு நினைவகம் வேண்டும். சிறு கல்லூரியின் சர்வர் திணறி நின்றுவிடும். அதனையே 8 கிலோபைட்டுத் துண்டுகளாக எடுத்து எடுத்து அனுப்பினால், 50 பேருக்கும் சேர்த்து 400 கிலோபைட்டு போதும். குடத்தோடு தூக்கிக் கொடுப்பதற்கும் குவளையால் மொண்டு கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. பந்தியில் பரிமாறியோர் இதனை நன்கு அறிவர்.

கொடையிலும் காவல் வேண்டும்

கேட்டதையெல்லாம் கொடுப்பது கொடையாகாது. சில நிரல்கள், கேட்பவர் சொல்லும் கோப்புப் பெயரை அப்படியே ஏற்று எடுத்துத் தருகின்றன. இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் சேர்ந்தால் 'மேலுள்ள அடைவிற்குச் செல்க' என்று கணிப்பொறிக்குப் பொருள். தீய எண்ணமுடைய ஒருவர் இதனைப் பலமுறை அடுக்கி எழுதி, நூல்கள் இருக்கும் அறையை விட்டு வெளியேறி, மாணவர் மதிப்பெண்களோ கடவுச்சொற்களோ இருக்கும் அறைக்குள் நுழைந்துவிட முடியும்.

இதற்குரிய தீர்வு நம் நூலகங்களில் முன்பே உள்ளது. மூடிய அடுக்குமுறையில் இயங்கும் நூலகத்தில் வாசகர் அடுக்கறைக்குள் நுழைவதில்லை. நூலின் எண்ணைச் சீட்டில் எழுதித் தருகிறார். பணியாளர் பதிவேட்டைப் பார்த்து எடுத்து வருகிறார். நிரலும் அவ்வாறே செய்தல் வேண்டும். கேட்பவரிடமிருந்து எண்ணை மட்டும் பெறுக. அவ்வெண்ணுக்குரிய கோப்பு எதுவென்பதைத் தன் பதிவேட்டில் பார்த்துக்கொள்க. இல்லாத எண்ணைக் கேட்டால் '404' என்னும் எண்ணோடு 'இல்லை' என்று நேர்மையாகச் சொல்லுக. இல்லாததை இருப்பதுபோல் நூலின் பெயரிட்டு அனுப்புவது, வெற்றுப் பொதிக்குச் சீட்டொட்டி அனுப்புவதை ஒக்கும். மாணவியின் பன்னிரண்டாவது நூலுக்கு நேர்ந்தது அதுவே.

மறுப்புகளும் விடைகளும்

'கோப்பிற்கு ஆங்கிலப் பெயர் இட்டால் என்ன குறை? எங்கும் சிதையாமல் செல்லுமே!' என்பர் சிலர். செல்லும், மறுக்கவில்லை. ஆனால் தமிழ்ப் பெயரை ரோமன் எழுத்தில் எழுதும் முறை ஆளுக்கு ஆள் வேறுபடும். 'ழ'கரத்திற்கு ஒருவர் ஒன்றும், மற்றொருவர் வேறொன்றும் எழுதுவர். தம் கணிப்பொறியில் சேமித்த நூலைத் தமிழில் தேடும் மாணவருக்கு அது அகப்படாது. தமிழ் நூலின் உள்ளே தமிழைக் காத்துவிட்டு, அதன் முகத்தில் தமிழை அழிப்பது என்ன நியாயம்? மேலும், இரண்டு பெயரையும் ஒருங்கே அனுப்ப விதி இடந்தரும்போது ஒன்றை மட்டும் தேர்ந்து மற்றதைத் துறக்க வேண்டிய தேவை ஏது?

'நிரலே வேண்டா, கோப்புகளைத் திறந்து வைத்துவிட்டால் சர்வர் தானே கொடுக்குமே!' என்பர் வேறு சிலர். இக்கூற்றில் பேருண்மை உண்டு. எல்லார்க்கும் உரிய நூலாயின், காப்புரிமைத் தடை ஏதும் இல்லையாயின், அதற்கே தமிழ்ப் பெயரிட்டு நேரே கொடுப்பதே சிறந்தது. அனுமதி பார்த்துக் கொடுக்க வேண்டிய ஆய்வேடு, வினாத்தாள் போன்றவற்றிற்கே நிரல் தேவை. அங்கும் அனுமதி பார்ப்பதோடு நிரலின் பணியை நிறுத்தி, எடுத்துக் கொடுக்கும் பணியைச் சர்வரிடமே ஒப்படைக்கும் முறைகள் உள்ளன. வாயிற்காப்போனே சமையலும் செய்ய வேண்டியதில்லை.

'தமிழ்த் துறையினர் நிரல் எழுதக் கற்க வேண்டுமா?' என்பது மூன்றாவது வினா. கற்றால் நன்று, கல்லாவிடினும் குற்றமில்லை. அச்சுக்கோக்கத் தெரியாத தமிழாசிரியரும் மெய்ப்புத் திருத்தத் தவறியதில்லை. அச்சகத்தார் 'ன'கர 'ண'கரம் மாற்றிக் கோத்தபோது, 'அது அச்சகத்தார் வேலை' என்று நம் முன்னோர் வாளாவிருந்தனரா? இறக்கிய கோப்பின் பெயரைப் பார்ப்பதும் மெய்ப்புத் திருத்தமே. நூலின் கடைசிப் பக்கம்வரை திருத்திய கண்கள், அதன் பெயரை மட்டும் திருத்தாமல் விடலாமா?

நாம் வேண்டுவன

தமிழ் நூல்களையும் ஆய்வேடுகளையும் மலர்களையும் இணையத்தில் இடும் கல்லூரிகளும் நூலகங்களும் ஐந்து செயல்களை மேற்கொள்ள வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

முதலாவது, ஒவ்வொரு கோப்பிற்கும் நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு ஆகிய மூன்றும் அமைந்த தமிழ்ப் பெயரையும், பக்கத்துணையாக ஒரு ரோமன் பெயரையும் அனுப்புதல். பெயர் அளவோடு இருத்தல் நலம். லினக்ஸ் கணிப்பொறிகளில் ஒரு கோப்புப் பெயருக்கு எல்லை 255 பைட்டு, அதாவது ஏறத்தாழ 85 தமிழ்க் குறியீடுகளே.

இரண்டாவது, கோப்பின் வகையையும் அளவையும் முன்கூட்டியே தெரிவித்தல். எவ்வளவு தரவு செலவாகும் என்று அறிந்த பின்னரே இறக்கலாமா என்று மாணவர் முடிவு செய்ய இயலும்.

மூன்றாவது, அறுந்த இடத்திலிருந்து தொடர வழிவிடுதல்.

நான்காவது, படித்துப் பார்ப்பதையும் சேமிப்பதையும் படிப்பவரின் விருப்பத்திற்கே விடுதல். ஒரு பக்கத்தைச் சரிபார்க்க வந்தவர்மீது நூல் முழுவதையும் ஏற்றுவது முறையன்று.

ஐந்தாவது, நிரல் எழுதி முடிந்தபின் தமிழ்த் துறை மாணவர் இருவரை அமர்த்தி, எளிய கைப்பேசியிலும் மெதுவான இணைப்பிலும் இறக்கச் செய்து சோதித்தல். பொறியாளர் கண்ணுக்குப் புலப்படாத பிழை, பயன்கொள்வோர் கண்ணுக்குப் புலப்படும்.

இவற்றுள் ஒன்றேனும் பெரும்பொருள் வேண்டுவதன்று. கட்டடம் வேண்டா, புதிய கருவி வேண்டா. சில வரிகளைத் திருத்தி எழுதும் பொறுமையும், அதனைக் கேட்டுப் பெறும் உறுதியும் போதும்.

1998 ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியபோது, உலகெங்கும் பரவியிருந்த தமிழர் பலர் ஊதியம் கருதாது, எழுத்தெழுத்தாகத் தட்டச்சிட்டுத் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றினர். அத்தகையோரின் உழைப்பிற்கு நாம் செலுத்தும் மரியாதை, அவ்வுழைப்பின் பயன் கடைசி மாணவர் கையில் சிதையாமல் சேர்வதைக் காப்பதேயாகும். பெரியோர்கள் நூல் வாங்கப் பொருள் தருகின்றனர்; ஆசிரியர்கள் எந்நூல் வேண்டும் என்று தேர்ந்து கூறுகின்றனர். இனி, அந்நூல் கேட்டவரிடம் தன் பெயரோடு சென்று சேர்ந்ததா என்று ஒருமுறை வினவுவதையும் நம் வழக்கமாக்கிக்கொள்வோம். விருந்தினரை அழைத்து இலையிட்டு உணவு படைத்தால் போதாது. அவர் உண்டு எழும்வரை உடன் நிற்பதே நம் மரபு. நூலைக் கொடுப்பதிலும் அம்மரபைக் காப்போமாக.